பேரு வேற, மருந்து ஒண்ணு

அண்ணாச்சி, ஒரு நிமிசம். கோவிச்சுக்காதீங்க. அந்த மாத்திரைய வாயில போட்டுறாதீங்க, கையிலயே வச்சிருங்க. காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா? டீயா? டீயெல்லாம் சாப்பாட்டுல சேத்தி இல்ல. அட்டையக் கொஞ்சம் காட்டுங்க பாப்போம்.

நெனச்சேன். அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேந்தது. யாரு எழுதிக் குடுத்தா? மச்சினரா? அவருக்கு டாக்டர் எழுதினத உங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டாராக்கும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? சாப்பிடுறீங்க. அப்ப சத்தியமா இதப் போடாதீங்க. பிரஷருக்குப் பாக்குற டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுப்புட்டு அப்புறம் போடுங்க. இதுவும் அதுவும் ஒண்ணாப் போனா கிட்னிக்கு ஆகாது. முழங்கால் வலி, பஸ்ஸு சங்கரன்கோவில் போற வரைக்கும் தாங்கும். தாங்கலேன்னா காலக் கொஞ்சம் இப்படி நீட்டிக்கோங்க, நான் நகந்துக்கிடுறேன்.

நான் டாக்டர் இல்ல. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப், அதுல கவுண்டர்ல நிக்கிறேன். பரமகுருன்னு பேரு. மீசை மொளைக்கிற காலத்துல உள்ள போனவன், இன்னும் வெளிய வரல. மருந்தாளுனர் படிப்பெல்லாம் படிக்கல. ஆனா டாக்டரு கிறுக்குற கிறுக்கல கண்ண மூடிட்டுப் படிச்சிருவேன். கடைக்கு வர்ற சனம் என்னையே "டாக்டரு"ம்பாங்க. நான் வேண்டாம்னு சொல்லுறது இல்ல.

வலி மாத்திரையப் பத்திக் கேளுங்க, சொல்லுறேன். பாராசிட்டமால் இருக்கே, அது சாது. காய்ச்சல், தலைவலி, சில்லறை வலிக்கெல்லாம் அதுதான் மொதல்ல. வயித்தக் கடிக்காது. ஆனா அளவு மீறிச்சுன்னா ஈரலத் தின்னுரும். சளி மாத்திரையிலயும் அது இருக்கும், இந்த மாதிரி சேந்த மாத்திரையிலயும் இருக்கும், தெரியாம மேல மேல போட்டுருவாங்க. குடிக்கிறவங்க ரொம்பக் கவனமா இருக்கணும். அடுத்தது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன். இதெல்லாம் அண்ணன் தம்பி. வீக்கத்த அமத்தும், வலிய அமத்தும், வயித்துல புண்ணு வைக்கும், கிட்னியில கை வைக்கும். இதுல ஒண்ணு போட்டா இன்னொண்ணு போடவே கூடாது. எட்டோரிகாக்சிப்னு ஒண்ணு இருக்கு, அது அந்த வீட்டு மாப்பிள்ளை மாதிரி. வயித்துக்குக் கொஞ்சம் மரியாதை குடுக்கும். ஆனா நெஞ்சு கோளாறு உள்ளவங்களுக்கும் பிரஷர்காரங்களுக்கும் ஆகாது, கிட்னியையும் விடாது. டிராமடால் தெருவே வேற. தலை சுத்தும், தூக்கம் வரும், வாந்தி வரும், பழகிட்டா விடாது. டாக்டரு சீட்டு இல்லாம அதத் தொடவே மாட்டேன்.

இவ்வளவும் எனக்கு விரல் நுனியில. இவ்வளவும் தெரிஞ்ச என் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. அதச் சொல்லாம என்னால இருக்க முடியல. யாருட்டயாவது சொல்லணும் போல இருக்கு.

எனக்கு ஒரே பிள்ள. காளீஸ்வரி. பதினொண்ணாப்புப் படிக்கிறா. ஓடுவா அண்ணாச்சி. சும்மா ஓட்டம் இல்ல, மூவாயிரம் மீட்டர். மைதானத்த ஏழரை தடவ சுத்தணும். மத்த பிள்ளைகள்லாம் நாலாவது சுத்துலயே வாயப் பொளந்துட்டு நிக்கும், இவ அப்பத்தான் ஓட ஆரம்பிச்ச மாதிரி இருப்பா. பி.டி. சார் எபனேசர்னு ஒருத்தர், அவருதான் கண்டுபிடிச்சாரு. "பரமகுரு அண்ணே, இவ மாநிலத்துல ஜெயிச்சான்னா விளையாட்டுக் கோட்டாவுல எந்தக் காலேஜும் கூப்பிட்டுச் சீட்டுக் குடுப்பான்"னாரு. நான் படிக்க முடியாத படிப்ப இவ படிச்சு, வெள்ளைக் கோட்டு மாட்டிட்டு நிக்கிறத அன்னைக்கே பாத்துட்டேன். அதுல இருந்து காலையில சைக்கிள்ல அவ பின்னாடியே போவேன். ஓடு தாயி, ஓடுன்னு சத்தம் போட்டுக்கிட்டே போவேன். ஒரு நாள் விட்டது இல்ல.

பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் கடைக்கு வந்தா. பள்ளிக்கூடம் விட்டு நேரா வந்திருக்கா. கவுண்டர்ல கூட்டம் நெரியுது. "அப்பா, கால் வலிக்குதுப்பா"ன்னா. "ஓடுனா வலிக்கத்தான் செய்யும்"னேன். "இல்லப்பா, இந்த ஒரே எடத்துல. விரல வச்சா உயிரு போகுது"ன்னு சொல்லி, முழங்காலுக்குக் கீழ முன்பக்கம், எலும்பு மேல, இடது கால்ல ஒரு எடத்தத் தொட்டுக் காட்டுனா. நான் எட்டிப் பாக்குறதுக்குள்ள யாரோ இன்சுலின் கேட்டாங்க. பழக்கம் பாருங்க, இன்னொரு கை தன்னால ரேக்குக்குப் போயிருச்சு. பாராசிட்டமால் ஒரு அட்டை எடுத்துக் குடுத்தேன். சாப்பிட்டுப் போடுன்னேன். போட்டா.

அது கேக்கல. அப்புறம் ஐபுப்ரோஃபென். அது கொஞ்ச நாள் கேட்டுச்சு. அப்புறம் இந்த அசிக்ளோ. ஓடுறதுக்கு அரை மணி முன்னாடி ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தைலம் மாதிரி தடவுற ஜெல்லு ஒண்ணு. நான் கண்ணுமண்ணு தெரியாமக் குடுக்கல அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் கூடவே வயித்துக்கு கேஸ் மாத்திரை குடுப்பேன். ஒரு நாள் மறந்தது இல்ல. எந்த அப்பன் இவ்வளவு பாப்பான்?

என் சம்சாரம் செண்பகம் மட்டும், "ஏங்க, எலும்பு டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிருவோமே"ன்னா. "டாக்டரு என்ன பெருசா எழுதப் போறாரு? எழுதுன சீட்டு எங்க வரும்? நம்ம கடைக்குத்தான் வரும். நான் எடுத்துக் குடுக்கிறதத்தான் அவரும் எழுதுவாரு. அதோட, ஓடக்கூடாது, மூணு மாசம் படுன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுவாரு. மாநிலப் போட்டி முன்னாடி நிக்குது"ன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. பேசாம இருந்தா சரின்னுதானே அர்த்தம்?

மாத்திரை போட்டு மாவட்டத்துல ஜெயிச்சா. மாத்திரை போட்டு மண்டலத்துல ஜெயிச்சா. பேப்பர்ல படம் வந்துச்சு. கடையில ஒட்டி வச்சேன்.

மாநிலப் போட்டி திருச்சியில. ஒரு காலேஜ் மைதானம். நானும் பிள்ளையும் பி.டி. சாரும் மொத நாளே போயிட்டோம். மத்தியானம் ஒரு ஓட்டல்ல சாப்பிட்டது சேரல போல, பிள்ளைக்கு வாந்தி. வயித்தால வேற போகுது. லாட்ஜுல சுருண்டு படுத்திருந்தா. "அப்பா, முடியலப்பா. கால் விண்ணுவிண்ணுங்குது. நாளைக்கு வேண்டாமேப்பா"ன்னா. பயம்தான், வேற ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். பெரிய போட்டின்னா யாருக்கும் பயம் வரத்தானே செய்யும்? பேதி நிக்க மாத்திரை குடுத்தேன். உப்புச் சக்கரைத் தண்ணி கலக்கிக் குடுத்தேன். ரெண்டு மடக்குக் குடிச்சுட்டு வச்சுட்டா. குடிச்சா வாந்தி வருதுங்கா. காலையில தண்ணி குடின்னா, ஓடும்போது வயிறு குலுங்கும்பா, வேண்டாம்ங்கா. நான் குடின்னு சொன்னேன் அண்ணாச்சி. பி.டி. சாரக் கேட்டுப் பாருங்க, நான் சொன்னேன். அவ குடிக்கல. தண்ணி மட்டும் குடிச்சிருந்தான்னா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஓட்டம் காலையில வெயிலுக்கு முன்னாடி நடக்க வேண்டியது. யாரோ சீஃப் கெஸ்ட்டாம், வரல. அந்த ஆளுக்காகப் பிள்ளைகள உக்கார வச்சே வாட்டிட்டாங்க. சித்திரை வெயிலு. தார் ரோட்டுல சட்டி வச்சா தோசை சுடலாம், அப்படி ஒரு வெயில். அந்த ஆளு நேரத்துக்கு வந்திருந்தா என் பிள்ள நல்லா இருந்திருப்பா. அதையும் சொல்லணும்ல?

வழக்கமா ஒண்ணு குடுப்பேன். அன்னைக்கு மட்டும் ரெண்டு குடுத்தேன். ஒரே ஒரு நாள்தானேன்னு. மூஞ்சியச் சுளிச்சுட்டு முழுங்குனா.

ஓடுனா பாருங்க. மொதல் சுத்துலயே இடது கால ஒரு மாதிரி வச்சு வச்சு எடுக்கா. எனக்குத் தெரிஞ்சது. நடு சுத்துல பின்னாடி போயிட்டா. போச்சுன்னு நெனச்சேன். கம்பிய எட்டிப் புடிச்சிட்டு, "தாயி! தாயி!"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். திரும்பி என்னப் பாத்தா. ஒரே ஒரு பார்வை. அப்புறம் எங்க இருந்து வந்துச்சோ, ஒவ்வொருத்தியாத் தாண்டி, கடைசியில ரெண்டாவதா வந்தா. வெள்ளி. மாநிலத்துல ரெண்டாவது அண்ணாச்சி! அந்தக் கால வச்சுட்டு! மேடையில ஏறும்போது வலது கால் ஒண்ணுலயே நின்னா. நான் அழுதுட்டேன். சந்தோசத்துல.

எறங்கி வந்து கூடாரத்துக்குள்ள வாந்தி எடுத்தா. வெயிலுன்னு சொன்னாங்க, நானும் வெயிலுன்னுதான் நெனச்சேன். சாயங்காலம் லாட்ஜுல காலப் புடிச்சிட்டு முனங்குனா. இன்னொண்ணு குடுத்தேன். மறுநா காலையில ஊருக்குக் கெளம்பணும்னு எழுப்புறேன், எந்திரிக்கல. முகம் உப்பியிருக்கு. கண்ணு ரெண்டும் இடுங்கிக் கெடக்கு. பேசுனா வார்த்தை கொழறுது. ஆட்டோவப் புடிச்சு பக்கத்துல இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், நானும் பி.டி. சாரும்.

டாக்டரம்மா நிலோஃபர்னு, சின்ன வயசு. பிள்ளையத் தட்டி எழுப்பி, "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போன?"ன்னு கேட்டாங்க. பிள்ள ரொம்ப நேரம் யோசிச்சா. "தெரியல டாக்டர். நேத்துக் காலையில"ன்னா.

அந்த ஒரு வார்த்தையில எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. வெளங்காதது மாதிரியும் இருந்துச்சு.

"என்ன மாத்திரை சாப்பிட்டா?"ன்னு என்னக் கேட்டாங்க. "சாதாரண வலி மாத்திரைதான் டாக்டர். நானும் மெடிக்கல் ஃபீல்டுதான்"னேன். "ரொம்ப நல்லது. பேரச் சொல்லுங்க"ன்னாங்க. சொன்னேன். எத்தன நாளான்னு கேட்டாங்க. பொங்கல்ல இருந்துன்னேன். அவங்க என்ன ஏறிட்டுப் பாத்தாங்க. அப்பப் பின்னாடி இருந்து பி.டி. சார் தொண்டையக் கனைச்சாரு. "மேடம், ஓடுறதுக்கு முன்னாடி நானும் ஒண்ணு குடுத்தேன். அவங்கப்பா குடுத்தது எனக்குத் தெரியாது"ன்னாரு. பைய எடுத்து அட்டைய நீட்டுனாரு. டைக்ளோஃபினாக்.

"ஏட்டி, நீ ஏன் சொல்லல?"ன்னு பிள்ளையப் பாத்துக் கேட்டேன். "சார் குடுத்தாங்க. வேண்டாம்னா திட்டுவாங்க"ன்னா. கண்ண மூடிக்கிட்டே சொன்னா.

டாக்டரம்மா ரெண்டு அட்டையையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. "பேரு வேற, கம்பெனி வேற. வேலை ஒண்ணு. பிள்ளை ஏற்கனவே வாந்தியும் பேதியுமா வத்திப் போயிருந்திருக்கா. வத்துன உடம்புல கிட்னிக்குப் போற ரத்தக் குழாயத் தெறந்து வைக்கப் பாடுபடுற சத்து ஒண்ணு இருக்கு. இந்த மாத்திரை அதத்தான் மொதல்ல நிறுத்தும். அதுக்கு மேல இவ வெயில்ல ஓடியிருக்கா"ன்னாங்க.

"நான் வயித்துக்கு மாத்திரை குடுத்தேனே டாக்டர்? ஒரு நாள் தவறாமக் குடுத்தேனே?"

"அது வயித்துக்குக் காவல் சார். கிட்னிக்கு ஒரு காவலும் இல்ல."

வெளிய வந்து பி.டி. சார் சட்டையப் புடிச்சேன். ஆமா, புடிச்சேன். "யாரக் கேட்டுய்யா என் பிள்ளைக்கு மாத்திரை குடுத்தீரு? நீரு டாக்டரா?"ன்னேன். அவரும் விடல. "நீரு டாக்டராவே?"ன்னாரு. வராந்தாவுல இருந்த சனமெல்லாம் பாக்குது. ஒரு நர்ஸு வந்து, "ரெண்டு பேரும் வெளிய போங்க"ன்னு சொல்லுது. என்ன மனுசன் பாருங்க. கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டியதுதானே, திருப்பிக் கேக்கலாமா?

கழுத்துல ஒரு குழாயப் போட்டு டயாலிசிஸ் பண்ணுனாங்க. பதினாறு வயசுப் பிள்ளைக்கு. செண்பகம் பஸ் புடிச்சு வந்து சேந்தா. திட்டுவா, மண்ண வாரித் தூத்துவா, அழுவான்னு நெனச்சேன். எதுவும் இல்ல. நேரா உள்ள போயி கட்டிலுக்குக் கீழ உக்காந்துட்டா. மூத்திரத்துக்குக் குழாய் வச்சு ஒரு பை தொங்க விட்டிருந்தாங்கள்ல, அதையே பாத்துட்டு உக்காந்திருந்தா. பையில ஒண்ணும் இல்ல. சொட்டு கூட இல்ல. நானும் பாக்கேன், அவளும் பாக்கா. பிள்ள தூங்குறா, முழிக்கிறா, மறுபடியும் தூங்குறா. டயாலிசிஸ் பண்ணுறாங்க, கொண்டாந்து போடுறாங்க, மறுபடியும் கொண்டு போறாங்க. பை அப்படியே இருக்கு.

நான் ஆம்பள, வெக்கத்த விட்டுச் சொல்லுறேன் அண்ணாச்சி. ஒரு தடவ வராந்தாக் கடைசியில இருந்த கக்கூசுக்குப் போனேன். ஒண்ணுக்கு இருந்தேன். எனக்கு வருது. நல்லா சத்தமா வருது. அந்தச் சத்தத்தக் கேட்டதும் செவுத்துல தலைய முட்டிட்டு அழுதேன். எனக்கு எதுக்கு இது வருது? இத அப்படியே அவளுக்குக் குடுக்க ஒரு வழி இல்லையா? எத்தன மருந்துக்குப் பேரு தெரியும் எனக்கு! மூத்திரம் வரவைக்க ஊசி இருக்கு, அது பேரும் தெரியும். நர்ஸுட்ட போயிக் கேட்டேன், "அதப் போட்டுப் பாருங்களேன் சிஸ்டர்"னு. "டாக்டருக்குத் தெரியும், போங்க"ன்னுட்டாங்க. போன் போட்டு எங்க மொதலாளியக் கேட்டேன். கடைக்கு வர்ற மருந்துக் கம்பெனி ரெப்பக் கேட்டேன். எல்லாரும் ஒரே பதில்தான், பொறுத்திருங்க. பொறுக்கிறதுக்கு ஒரு மாத்திரை இல்லையே அண்ணாச்சி.

டாக்டரம்மாட்டக் கேட்டேன், "என்னோட கிட்னி ஒண்ண எடுத்துக்கிடுங்க, இன்னைக்கே எடுத்துக்கிடுங்க"ன்னு. "அந்தப் பேச்சே இப்ப வேண்டாம் சார். சின்ன வயசு. திரும்பி வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. வராமப் போகாதுன்னும் சத்தியம் பண்ண மாட்டேன்"னாங்க. அந்தக் கடைசி வார்த்தைய ஏன் சொன்னாங்க? அதச் சொல்லாம விட்டிருக்கலாம்ல?

அதுக்கு நடுவுல கால் வலி. மாத்திரை எல்லாம் நின்னுபோச்சுல்ல, இத்தன நாள் அமுங்கிக் கெடந்த வலி எல்லாம் ஒண்ணாச் சேந்து எந்திரிச்சிருச்சு. பிள்ள உதட்டக் கடிச்சுட்டுக் கெடக்கா. எனக்குப் பொறுக்கல. "சிஸ்டர், பாராசிட்டமால் இவளுக்குக் கேக்காது, டிராமடால் மாதிரி ஏதாவது சொல்லிப் பாருங்க"ன்னு ஆரம்பிச்சேன். அப்பத்தான் பிள்ள கண்ணத் தெறந்தா. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு.

"அப்பா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்கப்பா."

"உனக்கு வலிக்குதே தாயி."

"வலிக்குதுன்னு சொல்லத்தானே எத்தன தடவ வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்க ரேக்கத்தான பாத்தீங்க. என் காலப் பாக்கவே இல்லையே."

செண்பகம் அப்பவும் பையத்தான் பாத்துட்டிருந்தா. திரும்பல.

டாக்டரம்மா கால ஸ்கேன் எடுத்தாங்க. எலும்புல மயிரிழை மாதிரி விரிசல். ரொம்ப நாளா இருந்திருக்கு, அது மேலேயே ஓடி ஓடி அகலமாயிருக்கு. "வலிங்கிறது நிக்கச் சொல்லுற சைகை சார். நீங்க சைகைய அணைச்சுட்டு வண்டிய ஓட்டியிருக்கீங்க"ன்னாங்க. படிச்சவங்க எப்படியும் பேசலாம். மாநிலத்துல ரெண்டாவது வர்றது எவ்வளவு கஷ்டம்னு அவங்களுக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் மத்தியானம், நான் கட்டில் கால்ல சாஞ்சு கண்ணசந்துட்டேன். செண்பகம் என் தோளப் புடிச்சு உலுக்குறா. கைய நீட்டிக் காட்டுறா. குழாயில. மஞ்சளா. கருத்த மஞ்சள், கஷாயம் மாதிரி. நகந்து நகந்து வந்து பைக்குள்ள விழுந்துச்சு. ஒரு பொட்டு. அப்புறம் இன்னொரு பொட்டு. நான் வார்டே அதிரக் கத்திட்டேன். நர்ஸு ஓடியாந்து பாத்துட்டு, "அழாதீங்க சார், இது நல்லதுதான்"னு சொல்லுது. பக்கத்துக் கட்டில் பாய் எந்திரிச்சு வந்து என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. மூத்திரம் வந்ததுக்கு ஊரே சேந்து அழுத மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் நாளுக்கு நாள் கூடுச்சு. ரத்தத்துல ஏறிக்கிடந்த உப்பெல்லாம் மெதுவா எறங்குச்சு. கழுத்துக் குழாய எடுத்தாங்க. கால்ல கட்டுப் போட்டாங்க. வீட்டுக்குப் போகும்போது டாக்டரம்மா உக்கார வச்சுச் சொன்னாங்க: "கிட்னி பெரும்பாலும் திரும்பிருச்சு. ஆனா ஒரு தடவ அடி வாங்குனது. இந்த இனத்து வலி மாத்திரை எதுவும் இனி தொடக்கூடாது. பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோட, அதுவும் கேட்டுட்டு. எந்த டாக்டர்ட்ட போனாலும், பல்லு டாக்டரா இருந்தாலும், மொத வார்த்தையா இதச் சொல்லணும். தண்ணி குடிக்கணும். மறுபடியும் ரத்தம் பாக்க வரணும்."

எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டுனேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "அப்ப மறுபடி எப்ப ஓடலாம் டாக்டர்?"

கேக்கக்கூடாதா? எந்த அப்பனும் கேப்பான்ல? டாக்டரம்மா பேனாவ மூடி வச்சாங்க. செண்பகம் எந்திரிச்சு வெளிய போயிட்டா. பிள்ள சன்னலப் பாத்துட்டு உக்காந்திருந்தா.

திருச்சியில இருந்து கோவில்பட்டி வந்து எறங்குனோம். நான் ஆட்டோவக் கூப்பிடுறேன், செண்பகம் பிள்ளையக் கைத்தாங்கலாப் புடிச்சுட்டு சங்கரன்கோவில் பஸ்ஸுல ஏறுறா. அங்க அவ அண்ணன் வீடு. "எங்க போற?"ன்னேன். "கொஞ்ச நாள் பிள்ள அங்க இருக்கட்டும்"னா. "என் வீட்டுல என்ன கொறை?"ன்னேன். அவ என்ன நிமிந்து பாத்தா. "வீட்டுல ஒரு கொறையும் இல்ல"ன்னுட்டு ஏறிட்டா. பஸ்ஸு போயிருச்சு. நான் மெடல் இருந்த பையோட நிக்கிறேன்.

போன் போட்டா செண்பகம் எடுக்க மாட்டா. மச்சான் எடுப்பாரு. "பிள்ள நல்லா இருக்கா. தூங்குறா"ம்பாரு. எப்பப் போட்டாலும் தூங்குறாளாம். நான் என்ன பகையாளியா? அவளுக்காகத்தானே எல்லாம் பண்ணேன்? நல்லா யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. வெயில் இல்லாம இருந்திருந்தா, அந்த ஓட்டல்காரன் நல்ல சோறு போட்டிருந்தா, பி.டி. சார் தன் வேலையப் பாத்துட்டுப் போயிருந்தா... நான் குடுத்தது மட்டும்னா ஒண்ணும் ஆயிருக்காது. ஆயிருக்குமா? நீங்க சொல்லுங்க. சரி, நீங்க என்ன சொல்லுவீங்க.

கடையில நிக்கிறேன், மாத்திரை எடுத்துக் குடுக்கிறேன். வலிக்குதுன்னு ஒருத்தன் வந்து நின்னா கை ரேக்குக்குப் போகுது, பாதியில நின்னுருது. மொதலாளி திட்டுறாரு. "என்னய்யா, கனாக் காணுதீரா?"ங்காரு. சீட்டு இருக்கான்னு கேக்கிறேன். கிட்னி, வயிறு, பிரஷர்னு கேள்வி கேக்கிறேன். சனம் அடுத்த கடைக்குப் போகுது.

நேத்து மத்தியானம் போன் அடிச்சுச்சு. மச்சான் நம்பரு. எடுத்தா, பிள்ள.

"அப்பா."

போனக் காதோட அழுத்திப் புடிச்சேன்.

"அப்பா, பல்லு வலிக்குதுப்பா. அம்மா உங்கள்ட்ட கேக்க வேண்டாம்னாங்க. நான்தான் போட்டேன். என்ன மாத்திரை போடலாம்?"

என்னட்டக் கேக்கா அண்ணாச்சி. ஊருல பல்லு டாக்டரு இருக்கான், மெடிக்கல் இருக்கு, மாமன் இருக்கான். என்னட்டக் கேக்கா. எனக்கு முன்னாடி ரேக்கு இருக்கு. கண்ண மூடிட்டுக் கை நீட்டுனா எடுத்துருவேன். பாராசிட்டமால் போடலாம், அது எனக்கும் தெரியும், டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. ஆனா அந்தப் பேரு கூட வாயில இருந்து வரமாட்டேங்குது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தாயி. மாத்திரை இருக்கட்டும். நாளைக்கு நான் வர்றேன், டாக்டர்ட்ட போவோம், கிட்னி விஷயத்த மொதல்ல சொல்லிருவோம். இப்ப... எங்க வலிக்குது? எந்தப் பக்கம்?"

அப்புறம் சொல்ல ஆரம்பிச்சா. இடது பக்கம் கீழ, கடைசிப் பல்லு. தண்ணி பட்டாக் கூசுதாம். சாப்பிடும்போது காது வரைக்கும் இழுக்குதாம். அப்புறம் காலப் பத்திச் சொன்னா. கட்டுக்குள்ள அரிக்குதாம், மழை வந்தா அந்த எடம் குறுகுறுங்குதாம். கழுத்துல குழாய் போட்ட தழும்ப மத்த பிள்ளைகள் கேக்காங்களாம். அப்புறம் திருச்சியில அந்த நடு சுத்துல எப்படி வலிச்சுதுன்னு சொன்னா. எலும்புக்குள்ள யாரோ கம்பிய விட்டுத் திருகுன மாதிரி இருந்துச்சாம். நின்னுருவோம்னு நெனச்சாளாம். அப்ப நான் கத்துனேனாம்.

அவ சொல்லிட்டே இருந்தா. நடுவுல ஒரு வார்த்தை நான் பேசல. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு சீட்ட நீட்டிட்டு, "எடுத்துக் குடுங்கய்யா, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு தட்டிட்டே நின்னாரு. நிக்கட்டும்னு விட்டுட்டேன்.